நேற்று வைத்த நிறம் எங்கே?

இன்று காலையும் போய்விட்டது. நேற்று மாலை மைக்ரோசாஃப்ட் வேர்டின் எழுத்து நிற மெனுவில், அண்மையில் பயன்படுத்திய நிறங்களைக் காட்டும் 'ரீசென்ட் கலர்ஸ்' வரிசையின் முதல் கட்டத்தில் இருந்த நிறம், கோப்பை மூடித் திறந்ததும் காணோம். அந்த வரிசையே காணோம். தீம் நிறங்கள், அதாவது ஆவணம் முழுமைக்குமான நிறத் தொகுப்பு, அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே அந்தப் பத்து 'ஸ்டாண்டர்ட்' நிறங்களும் இருக்கின்றன: அடர்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று. அந்த மஞ்சளில் எழுத்து அடித்து வெள்ளைத் தாளில் அச்செடுத்த ஒருவரைக் காட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் அதன் மாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1.07-க்கு 1. எழுத்து இருப்பதே தெரியாது. அந்த மஞ்சளுக்கு நிரந்தர இடம். நான் நாள்தோறும் தேடும் நிறத்துக்கு ஒரு ராத்திரி தங்க இடமில்லை.

நான் கேட்பது சிவப்பு 32, பச்சை 80, நீலம் 96. கருநீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். அதே மூன்று எண்களைச் சேர்த்து எழுதும் ஹெக்ஸ் குறியீட்டில் 205060. அழகுக்காக மட்டும் எடுத்ததில்லை. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 மாறுபாடு வேண்டும் என்கிறது இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி. இது வெள்ளையில் 8-ஐத் தாண்டுகிறது. கண் பார்வை மங்கியவரும் படிக்கலாம், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் தலைப்பு தலைப்பாகவே நிற்கும். இப்படி யோசித்துத் தேர்ந்தெடுத்த நிறம் இது. ஒரு முறை தேர்ந்தெடுத்தால் போதும் என்று நினைப்பது பேராசையா?

சரி, நிறத்தைத் திரும்பக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். சொல்லைத் தேர்ந்தெடு. எழுத்து நிறப் பொத்தானின் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டி அம்புக்குறியைக் குறிபார்த்து அழுத்து. கொஞ்சம் தவறினால் அம்புக்குறிக்குப் பதில் பொத்தான் அமுங்கி, கடைசியாக யாரோ வைத்த சிவப்பு சொல்லின் மேல் ஏறிவிடும். அதை நீக்கு. மறுபடி அம்புக்குறி. 'மோர் கலர்ஸ்'. திறக்கிறது ஒரு பெட்டி. அதில் முதலில் வருவது தேன்கூடு மாதிரி அறுகோணங்கள் நிறைந்த பக்கம். அந்தத் தேன்கூட்டில் என் நிறம் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இல்லை. 'கஸ்டம்' பக்கத்துக்குப் போ. சிவப்புக் கட்டத்தில் இருப்பதை அழித்து 32. அடுத்த கட்டம், 80. அடுத்த கட்டம், 96. 'ஓகே'. ஒரு சொல் நிறம் மாறிவிட்டது. ஒரே ஒரு சொல்! இரண்டு பக்கம் தள்ளி அடுத்த சொல் காத்திருக்கிறது. இன்று கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும் சௌகரியம். மூடினால் நாளைக்கு மறுபடி இதே சடங்கு.

இதில் எண்களை மனிதன் கையால் அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கும் இடம். நான்கு பேர் சேர்ந்து எழுதும் ஆவணம் என்றால் நான்கு பேருக்கும் எண்களை அனுப்ப வேண்டும். அவசரத்தில் ஒருவர் 32, 96, 80 என்று அடித்துவிட்டால் தலைப்பு பச்சையாகிவிடும். திரையில் தனியாகப் பார்த்தால் அதுவும் நல்ல நிறம்தான், சந்தேகமே வராது. அச்சில் இரண்டு தலைப்புகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரும்போதுதான் வண்டவாளம் தெரியும். அடித்தவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினி நினைவில் வைக்க வேண்டியதை மனிதர் தலையில் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

"ஃபார்மட் பெயிண்டர் இருக்கிறதே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இருக்கிறது, ஓரிடத்தின் வடிவமைப்பை எடுத்து இன்னோரிடத்தில் பூசும் கருவி. அது நிறத்தை மட்டுமா எடுத்து வருகிறது? அளவு, தடிமன், எழுத்துரு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து வரும். தலைப்பின் நிறத்தை ஒரு வரியின் நடுவில் உள்ள சொல்லுக்குக் கொடுத்தால் அந்தச் சொல் தலைப்பு அளவுக்குப் பெருத்து நிற்கிறது. எனக்கு வேண்டியது நிறம். நிறம் மட்டும்.

"ஸ்டைல் உருவாக்கு" என்பார்கள் அடுத்தவர்கள், அதாவது வடிவமைப்பைப் பெயர் வைத்துச் சேமிக்கச் சொல்வார்கள். தலைப்புகளுக்கு அது சரிதான், மறுக்கவில்லை, தலைப்புகளுக்கு ஸ்டைல்தான் வைக்கிறேன். ஆனால் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் ஓர் எண், பத்தியின் நடுவில் ஒரு சொல், படத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு, இவை ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி ஸ்டைல் வைக்க வேண்டுமா? வைத்தாலும் அது அந்த ஆவணத்தோடு நின்றுவிடும். புது ஆவணங்களுக்கு அச்சாக இருக்கும் டெம்ப்ளேட்டில் சேர்த்தால் இனி பிறக்கும் ஆவணங்களுக்கு வரும். ஏற்கெனவே இருக்கும் ஆவணங்களுக்கும், மற்றவர்கள் அனுப்பும் ஆவணங்களுக்கும் தானாக வராது. என் வேலையில் பாதி மற்றவர்கள் அனுப்பும் ஆவணங்கள்தான்.

அப்புறம் தீம். அதிகாரபூர்வமான பதில் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகத் திட்ட வேண்டும். தீமில் மொத்தம் பன்னிரண்டு இடங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, இணைப்புகளுக்கு இரண்டு, மீதி ஆறுதான் வரைபடம், வடிவம் போன்றவற்றுக்கான 'ஆக்சென்ட்' நிறங்கள். என் நிறத்தைச் சேர்க்க வேண்டுமானால் அந்த ஆறில் ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும். சேர்ப்பது என்ற பேச்சே கிடையாது, மாற்றுவது மட்டும்தான். முதல் ஆக்சென்டை மாற்றினால் ஆவணத்தில் அதை நம்பியிருக்கும் வரைபடங்கள், அட்டவணைகள், வடிவங்கள் எல்லாம் சேர்ந்து நிறம் மாறும். ஒரு சொல்லுக்கு நிறம் கேட்டவனுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்துக் கொடுத்த கதை.

அதோடு விட்டதா? தீம் நிறம் வைத்த பத்தியை நகலெடுத்து வேறு ஆவணத்தில் ஒட்டினால் அங்கே நிறம் மாறிப்போகலாம். காரணம், கோப்புக்குள் "இது முதல் ஆக்சென்ட்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பக்கத்தில் நிறத்தின் எண் எழுதியிருந்தாலும் அந்தக் குறிப்புக்குத்தான் முதல் மரியாதை. போன இடத்தில் முதல் ஆக்சென்ட் ஆரஞ்சு என்றால் நம் எழுத்தும் ஆரஞ்சு. பாதுகாக்கத் தீமுக்குள் வைத்த நிறம், ஊர் மாறியதும் ஆளே மாறிவிடுகிறது.

இப்போது என்னைத் தூங்க விடாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிறம் எங்கேயும் தொலையவில்லை. கோப்புக்குள்ளேயே இருக்கிறது! வேர்டு சேமிக்கும் டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருட்டிக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் என்ற, எழுத்தாகவே படிக்கக்கூடிய கோப்புகள் இருக்கும். அதில் நான் நிறம் கொடுத்த ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் பக்கத்தில் 205060, 205060, 205060 என்று எழுதி வைத்திருக்கிறது. ரகசியமும் இல்லை. அந்தக் கோப்பு வடிவம் 2008-லேயே சர்வதேசத் தரமாக வெளியிடப்பட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆவணத்தைத் திறக்கும்போது மென்பொருள் அதைப் படித்துத்தான் திரையில் நிறத்தைக் காட்டுகிறது. அதே நிமிடம் நான் மெனுவைத் திறந்தால் "அப்படி ஒரு நிறத்தைக் கேள்விப்பட்டதே இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கண் முன்னால் பக்கம் பக்கமாக அந்த நிறம் மின்னுகிறது, மெனுவில் மட்டும் இல்லை. இதை அலட்சியம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

முடியாத காரியமாக இருந்தால் பேச மாட்டேன். லிப்ரே ஆபீஸில் நிறத் தட்டுகளின் பட்டியலில் 'டாக்குமென்ட் கலர்ஸ்' என்றே ஒன்று இருக்கிறது. ஆவணத்தில் இருக்கும் நிறங்களை எடுத்து வரிசையாகக் காட்டும். நாமாகச் சேர்க்கும் நிறங்களைத் தனித் தட்டில் சேமித்தும் வைக்கும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்! மேக் கணினியின் நிறப் பெட்டியில் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள் உண்டு. நிறத்தை இழுத்துப் போட்டால் அங்கேயே கிடக்கும், வேறு மென்பொருளில் அதே பெட்டியைத் திறந்தாலும் கிடைக்கும். நான் பயன்படுத்தும் மென்பொருளின் குடும்பத்திலேயே, ஸ்லைடு தயாரிக்கும் உடன்பிறப்பான பவர்பாயின்டுக்குத் திரையிலிருந்து நிறத்தைத் தொட்டு எடுக்கும் ஐட்ராப்பர் கொடுத்திருக்கிறார்கள். எழுத்து வேலைக்காகவே பிறந்த இதற்குக் கொடுக்கவில்லை. எழுதுகிறவருக்கு நிறம் எதற்கு என்று யார் முடிவு செய்தார்கள்?

இன்னும் பின்னால் போகிறேன். விண்டோஸ் 3.1, 1992. அதில் வந்த பொதுவான நிறப் பெட்டியில் நாமே கலந்த நிறங்களை வைக்கப் பதினாறு கட்டங்கள் இருந்தன. அவற்றை நினைவில் வைப்பது அந்தந்த மென்பொருளின் பொறுப்பு. ஒரு நிறத்துக்கு நான்கு பைட், பதினாறு நிறத்துக்கு 64 பைட். அறுபத்து நான்கு! இந்த ஒரு பத்தி அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இன்றைய கணினியில் கிகாபைட் கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள், பயனர் ஆசையாகக் கலந்த நிறத்துக்கு நான்கு பைட் ஒதுக்க மறுக்கிறது. ஆனால் திறக்கும்போதெல்லாம் முகப்புத் திரையில் புதுப்புது டெம்ப்ளேட்டுகளைக் காட்ட மட்டும் இடம் இருக்கிறது. யார் கேட்டது அந்தப் பூப்போட்ட அழைப்பிதழை?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். நிறத்தின் மேல் வலது க்ளிக். 'சேமி'. அது என் கணக்கோடு சேர்ந்து எல்லா ஆவணத்திலும் வரட்டும். அதுகூட முடியாதென்றால், ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறங்களையாவது மெனுவில் ஒரு வரிசையாகக் காட்டுங்கள். மஞ்சளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காட்டினால்கூடச் சந்தோஷம்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் மாறுகின்றன, தமிழ் பழைய எழுத்துருவிலேயே நிற்கிறது. அளவும் அப்படித்தான். உள்ளே தமிழ் போன்ற எழுத்துகளுக்கு எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாமே தனிக் கணக்கு. அதை மாற்ற எழுத்துருப் பெட்டியை முழுசாகத் திறந்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருக்கும் பகுதிகளில் நம்முடையதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடேய், நான் தேர்ந்தெடுத்தது மொத்த வரியையும்! பாதி வரிக்கு மட்டும் ஏன் காது கேட்கிறது உனக்கு?