சென்னையுடன் ஆடுவது சாதாரண ஆட்டமா?
நம் கால்பந்து அணியான பெங்களூரு எஃப்சிக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ்தான் பரம வைரி, 'சென்னையின் எஃப்சி' அணியுடன் ஆடுவது சாதாரண ஆட்டம் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2023 மார்ச்சில் நம் சுனில் சேத்ரியின் ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தின் நடுவே வெளிநடப்பு செய்தது பெரிய பரபரப்புதான். ஆனால் அன்று ஜெயித்தது நாம். ஆறாத காயம் என்றால் அது 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடருக்கு வந்த முதல் சீசனிலேயே புள்ளிப்பட்டியலில் முதலிடம், சொந்த மண்ணில் சென்னையுடன் இறுதிப்போட்டி, 9ஆவது நிமிடமே சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய கோல். கோப்பை நமக்குத்தான் என்று கத்திக்கொண்டிருந்தோம். பிறகு சென்னையின் மெயில்சன் ஆல்வெஸ் கோல் அடித்தார், இரண்டு முறை, இரண்டும் கார்னரில் வந்த பந்து, இரண்டும் தலையால்! ஒரே தப்பை எப்படி இரண்டு முறை விட்டார்கள் என்று இன்றும் ஆத்திரம் வருகிறது. கடைசியில் 2-3 என்று தோற்றோம். அதே சீசனின் டிசம்பர் ஆட்டத்திலும் கடைசி நிமிடங்களில் நம்மைச் சாய்த்தவர் சென்னை வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், "தமிழர்கள் சென்னையைத்தானே ஆதரிப்பீர்கள்" என்று கேட்டிருக்கிறார். பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்தில் பெலே சிலை இருக்கிற தெருப்பக்கம் வந்து கேளுங்கள். வீட்டில் பேசுவது தமிழ், போடுவது பெங்களூரு எஃப்சியின் நீலச் சட்டை. சென்னையில் இருக்கும் மாமன் மச்சான்களிடம் தோற்பதுதான் எங்களுக்கு அதிகம் வலிக்கும்.