பஞ்சு எப்படி ஐயா மாறும் மூலதனம் ஆகும்?

மார்க்ஸ் மூலதனத்தைப் பிரித்த விதத்தை விளக்குகிறேன் என்று இரண்டு நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கட்டம்போட்ட படத்தைப் பற்றித்தான். இயந்திரமும் கட்டடமும் மாறா மூலதனமாம். பஞ்சு, நிலக்கரி, கூலி எல்லாம் மாறும் மூலதனமாம், ஏனென்றால் "இவற்றின் விலை அடிக்கடி மாறும்". பஞ்சு அந்தக் கட்டத்தில் வராது என்று பணிவாகத்தான் கமெண்ட் போட்டேன். "தோழர் இலக்கணம் பார்க்கிறார்" என்று பதில், கூடவே ஏழெட்டு சிரிப்பு எமோஜி. சரி, இலக்கணமே பார்த்துவிடுவோம்.

மாறும், மாறா என்பது விலையைப் பற்றிய பேச்சே இல்லை. உற்பத்தி நடக்கும்போது எதன் மதிப்பு கூடுகிறது, எது தன்னிடம் இருக்கிற மதிப்பை மட்டும் சரக்குக்குக் கடத்துகிறது என்பதுதான் கேள்வி. பஞ்சு ஆறு பென்ஸிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது பன்னிரண்டு பென்ஸுக்கு, ஏறினாலும் அந்த ஷில்லிங்கை அப்படியே நூலுக்குக் கொடுக்கும், ஒரு காசு அதிகம் கொடுக்காது. அதனால் அது மாறா மூலதனம். கூலி கொடுத்து வாங்கும் உழைப்புச் சக்தி மட்டும்தான் தன் மதிப்பைவிட அதிகமான மதிப்பை உண்டாக்கும், அதனால் கூலிதான் மாறும் மூலதனம். இந்த விலையேற்ற உதாரணம்கூட என்னுடையதல்ல, மார்க்ஸே 'மூலதனம்' முதல் தொகுதியில் போட்டதுதான்.

அதே தொகுதியில் மான்செஸ்டர் நூற்பாலை முதலாளி ஒருவர் கொடுத்த கணக்கு இருக்கிறது. 1871 ஏப்ரல் மாத விலை. நூல் நூற்கும் கதிர்கள் 10,000, கதிருக்கு வாரம் ஒரு ராத்தல் (அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) நூல். கழிவு 6 சதவீதம் என்பதால் 10,600 ராத்தல் பஞ்சு வேண்டும், ராத்தல் ஏழே முக்கால் பென்ஸ் வீதம் சுமார் 342 பவுண்டு. இயந்திரங்கள் 10,000 பவுண்டு, தேய்மானம் வாரத்துக்கு 20. வாடகை 6. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 10. ஆக மாறா மூலதனம் 378. கூலி 52. நூல் விற்று வருவது 510. மாறா மூலதனமும் கூலியும் சேர்ந்த 430 போக மிச்சம் 80, அதுதான் உபரி மதிப்பு, கூலிக்கு மேல் தொழிலாளி உண்டாக்கித் தருவது. எண்பதை ஐம்பத்திரண்டால் வகுத்தால் உபரி மதிப்பு வீதம் 153 சதவீதத்துக்கு மேல். பத்து மணி நேர வேலைநாளில் தொழிலாளி தன் கூலிக்கு உழைப்பது 3 மணி 56 நிமிடம். மிச்சம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் முதலாளிக்கு.

இப்போது அந்தப் படத்தின்படி போடுங்கள். பஞ்சு 342, எரிபொருள் வகையறா 10, கூலி 52: "மாறும் மூலதனம்" 404. எண்பதை 404-ஆல் வகுத்தால் 20 சதவீதம்கூடத் தேறாது. தொழிலாளி முதலாளிக்கு உழைப்பது ஒரு மணி 39 நிமிடம்தான் என்று வரும். ஒரு கட்டத்தை இடம்மாற்றி வைத்ததில் கிட்டத்தட்ட நாலரை மணி நேரச் சுரண்டல் காணாமல் போய்விட்டது. இலக்கணமாம்!

குழப்பம் எங்கே என்று எனக்குத் தெரியும். என் பழைய நோட்டிலும் இதே கட்டத்தைத்தான் வரைந்து வைத்திருந்தேன். நிலை மூலதனம், சுழல் மூலதனம் என்பது வேறொரு பிரிவினை, போட்ட பணம் எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கானது. நூல் விற்றதும் பஞ்சுக் காசு முழுதாகக் கைக்கு வந்துவிடும், கூலிக் காசும் வந்துவிடும். இரண்டும் சுழல் மூலதனம். இயந்திரத்துக்குப் போட்ட 10,000-இல் முதல் வாரம் திரும்புவது 20 மட்டும், மீதி 9,980 ஆலைக்குள்ளேயே நிற்கிறது. அது நிலை மூலதனம். ஆக பஞ்சு மாறா மூலதனம், கூடவே சுழல் மூலதனம். கூலி மாறும் மூலதனம், அதுவும் சுழல்தான். பொருளைப் பார்த்து முத்திரை குத்தவும் முடியாது. ஏர் இழுக்கும் வரை மாடு நிலை மூலதனம். அதே மாட்டை இறைச்சிக்காகக் கொழுக்க வைத்தால் கச்சாப்பொருள், சுழல் மூலதனம். மாடு என்னவோ அதே மாடுதான்.

"தமிழ்ச் சொற்கள்தான் குழப்புகின்றன" என்பார்கள். நியாயம். 'நிலையான', 'மாறாத' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், வணிகவியல் பாடத்தின் நடைமுறை மூலதனம் (அன்றாடச் செலவுக்கான பணம்) வேறு குறுக்கே வந்து நிற்கும். "உழைப்பிலிருந்துதான் மதிப்பு வருகிறது என்ற கோட்பாடே காலாவதி" என்பவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடுகிறேன். மறுக்கவாவது எதை மறுக்கிறோம் என்று தெரியவேண்டாமா? "எண்பதை 430-ஆல் வகுத்தால் 18.6, அதுதானே இலாப வீதம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை தோழர். இலாப வீதத்துக்கு முன்போட்ட மூலதனம் முழுவதும் கீழே வரவேண்டும், அந்த 10,000 உட்பட.

"எளிய மக்களுக்குச் சொல்லும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்" என்ற பதில்தான் தாங்கவில்லை. எளிய மக்கள் என்றால் யார்? கடைக்குப் போனால் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவர்கள். அவர்களுக்கா கணக்குப் புரியாது? கூலியையும் பஞ்சையும் ஒரே தட்டில் போட்டு "செலவு" என்று எழுதுவது முதலாளியின் கணக்குப் பிள்ளை பார்க்கிற வேலை. பொருளியலாளர் ரிக்கார்டோவே கூலியைச் சுழல் மூலதனம் என்று மட்டும் பார்த்துத்தான் வழுக்கினார், இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் அதைப் பிரித்துக் காட்ட அத்தனை பக்கம் செலவழித்தார். அவரையும் இலக்கணம் பார்க்கிறவர் என்று சொல்லிவிடுங்கள், எனக்குத் துணையாக இருக்கும்.

கமெண்டை நீக்கிவிட்டார்கள். படம் அப்படியே இருக்கிறது, பஞ்சும் அதே கட்டத்தில்.