கடைசிக் கட்டத்தை நான் ஏன் நிரப்புவதில்லை

எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு தாள் கொடுப்பார்கள். எத்தனை வீடுகளைச் சந்தித்தீர்கள், எத்தனை கைப்பிரதிகள் கொடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்குக் கீழே, எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுவிசேஷம் சொல்லி வருகிற நான், அந்தக் கட்டத்தைக் கடந்த இரண்டு ஆண்டுகளாக நிரப்புவதில்லை. ஆர்வம் குறைந்துவிட்டதா என்று போதகர் ஐயா ஒருமுறை கேட்டார். குறையவில்லை. அந்தக் கணக்கை எழுதுகிற இடம் என்னுடையது அல்ல என்பதை நேரில் அவருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கட்டம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு என்னையே சொல்லலாம். காசிமேட்டில் எனக்குப் பழக்கமான ஒரு மீனவத் தம்பியின் தகப்பனார் இறந்துபோனார். தெருவை அடைத்துப் போட்ட ஷாமியானாவுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நித்திய ஜீவனைப் பற்றிப் பேச இதைவிட ஏற்ற வேளை ஏது என்று நினைத்து, பையிலிருந்து கைப்பிரதியை எடுத்து ஆரம்பித்தும் விட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, "அண்ணே, இன்னிக்கி வேணாண்ணே" என்றான். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால், விசுவாசத்துக்காக நான் படும் உபத்திரவம் என்று பெயர் சூட்டித் தப்பித்திருப்பேன். அந்த மாதத் தாளில் அவன் வீட்டையும் 'சந்தித்த வீடுகள்' எண்ணிக்கையில் சேர்த்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

"நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மேடைகளில் கேட்காதவர் நம்மில் யாரும் இல்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்து விதைக்கிறவனும் விதைத்த பிறகு தூங்குகிறான், விழிக்கிறான். பயிர் அவனுக்குத் தெரியாதவிதமாய் வளர்கிறது. இதைச் சாக்காக வைத்து வாயே திறக்காமல் இருப்பவர்களையும் நான் அறிவேன். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு, அந்த மனிதன் விதைத்துவிட்டுத்தான் தூங்கப் போனான். ஆனால் விதைத்த இடத்தைத் தினமும் தோண்டி, முளை விட்டதா என்று பார்க்கிற அவசரம் விசுவாசத்தில் சேராது. தேவன் செய்வார் என்று வாயால் சொல்லிவிட்டு, செய்தாரா என்று மாதாமாதம் தணிக்கை செய்வதை நம்பிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் வேப்பேரியில்தான் ஃபப்ரீசியுஸ் ஐயர் வாழ்ந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து, சென்னையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊழியம் செய்து, 1791இல் இங்கேயே இறந்தவர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்கு ஒதுங்கினார். முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறைக்கும் போனார். எங்கள் தாளில் அவருடைய கடைசி ஆண்டுகளை எழுதினால் தேறவே மாட்டார். ஆனால் அவர் ஒவ்வொரு சொல்லாக இழைத்து மொழிபெயர்த்த தமிழ் வேதாகமத்தையும் அவர் தமிழில் தந்த ஞானப்பாட்டுகளையும் லுத்தரன் சபையார் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்திருக்கிறார்கள். அந்த விளைச்சலை எந்த மாதக் கணக்கில் எழுதுவது?

எண்ணிக்கை ஆசைக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, நாங்கள் கட்டிய அரிசிப் பைகளுக்குள் கைப்பிரதியையும் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் கூடாது என்றேன், வாக்குவாதம் ஆனது. படகிலும் வலையிலும் எண்ணெய் அப்பி வேலையில்லாமல் நிற்கிறவரிடம் அரிசியோடு அழைப்பையும் நீட்டினால், அவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நாம் பறித்துக்கொள்கிறோம். மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. அந்தத் தீர்ப்பின்மேல் நம்மவர்களுக்கு வருத்தம் உண்டு. எனக்கோ, மாற்றுவது என் வேலையே அல்ல என்பது வேதத்திலேயே இருக்கிறது.

அந்தத் தம்பியோடு பழக்கம் விட்டுப்போகவில்லை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சாயங்காலம் துறைமுகத்தில் அவன் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, அதன் கிழிந்த கண்ணிகளை ஊசியால் பின்னிக்கொண்டிருந்தான். "உங்க பைபிள்ல மீன் புடிக்கிற கதை ஒண்ணு இருக்குதாமே, இன்னாண்ணே அது?" என்று அவனே கேட்டான். இராமுழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல், கரையில் வலைகளை அலசிக்கொண்டிருந்த பேதுருவிடம் இயேசு மறுபடியும் வலையைப் போடச் சொன்னதைச் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "வெறும் வலைய அலசுறது பேஜாருண்ணே. அலசி முடிச்சப்புறம் திரும்பப் போடுன்னா எவனும் போட மாட்டான். அந்தாளு எப்படி போட்டாரு?" என்றான்.

அவர் சொன்னதால் போட்டார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த கிழிசலுக்கு நகர்ந்தான். நானும் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டும் வரை இரண்டு பேரும் வேறெதுவும் பேசவில்லை.