இருமினால் மாரடைப்பு நிற்காது

"நெஞ்சு வலித்தால் விடாமல் பலமாக இருமுங்கள், இதயம் தானே சரியாகிவிடும்." தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் இது மறுபடி சுற்றுகிறது, தமிழிலும் மலையாளத்திலும். தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஏன் என்று புரிய, இதயம் எப்படித் துடிக்கிறது என்று முதலில் பார்ப்போம். இதயத் தசை செல்லுக்குள் ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. மின்தூண்டல் வந்ததும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே நுழையும். அது செல்லுக்குள் சேமித்திருக்கும் கால்சியத்தையும் திறந்துவிடும். உடனே மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கும், செல் சுருங்கும். செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கோத்திருப்பதால், இணைப்பிலுள்ள நுண்வழிகள் மூலம் தூண்டல் அடுத்தடுத்துப் பரவி எல்லாம் சேர்ந்து துடிக்கின்றன. சுருங்குவதற்கு மட்டுமல்ல, கால்சியத்தை அகற்றித் தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அதற்காகவே செல்லின் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பிடித்திருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் ஓயாமல் வர வேண்டும்.

மாரடைப்பில் ரத்தக்கட்டி, அந்த ஆக்சிஜனைக் கொண்டுவரும் ரத்தக்குழாயைத்தான் அடைக்கிறது. இருமல் கட்டியைக் கரைக்காது. அரை மணி நேரத்திலேயே செல்கள் சாகத் தொடங்கிவிடும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவான இதயத் தசை செல்களே புதிதாக உருவாகின்றன. செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மருத்துவமனையில் மானிட்டர் பார்த்துக்கொண்டே, திடீரெனத் துடிப்பு தாளம் தவறும்போது, சில நொடிகளுக்கு மருத்துவர் இருமச் சொல்வதுண்டு. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது பொருந்தாது.

நெஞ்சு அழுத்தினால், வியர்த்தால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் 'கேஸ்' என்று காத்திருக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் ஆம்புலன்சுக்கு 108தான்.