புல் வளரட்டும்

அயர்லாந்தின் மீத் பகுதியில் டன்சனி கோட்டைக்கு வாரிசான ரேண்டல் பிளங்கெட் பற்றிய கட்டுரை அருமை. 2011இல் பிரபு பட்டம் வந்தது, தொழிலோ சினிமா இயக்கம். ஆடு மாடுகளை வெளியேற்றி, சுமார் 750 ஏக்கரை அதன் போக்கில் விட்டுவிட்டார். முதலில் இடுப்பளவு புல்லும் முட்செடியும், அப்புறம் பூச்சிகள், அதைத் தேடிப் பறவைகள். மரங்கொத்திகூட வந்துவிட்டதாம்!

நல்ல மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்குகிறார் என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்திருந்தால் ஆச்சரியமில்லை. ஒட்ட மேய்ந்த பச்சைதான் அழகு என்று பழகிய கண்கள்.

சரி, பரம்பரைச் சொத்து உள்ளவர் நிலத்தை இப்படி விடலாம். ஐம்பது ஏக்கரில் மாடு வளர்ப்பவர் எதை விடுவார்? கட்டுரையாளர் அதையும் கேட்டிருக்கலாம்.