சாத்தன் வேறு, சாத்தான் வேறு

பிள்ளையின் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டு, ‘சாத்தன்’ என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்ன தம்பதியை, அதைச் ‘சாத்தான்’ என்று எடுத்துக்கொண்டு மூன்று நாளாக வறுத்தெடுத்தாயிற்று. திருப்திதானே? ‘பேயோட்ட ஆள் அனுப்பவா’ என்று கேட்டவர்களில் பாதிப்பேர் தமிழ்ப்பற்றாளர்கள். அதுதான் எரிகிறது.

சாத்தன் வேறு, சாத்தான் வேறு. ஒன்றில் த, மற்றதில் தா. சாத்தான் எபிரேயச் சொல். ‘எதிர்ப்பவன்’ என்று பொருள். விவிலிய மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. சாத்தனோ மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனார் காலத்துப் பெயர். (சீத்தலை ஊர்ப்பெயர். பிழையான பாட்டைக் கேட்டுத் தலையில் குத்திக்கொண்டு சீழ் வைத்த கதையை இனியாவது விடுங்கள்.) எகிப்தின் குசேர் அல்-காதிம் துறைமுகத்தில் கிடைத்த பானையோட்டில், பழைய எழுத்தான தமிழ் பிராமியில் இருப்பதும் இந்தப் பெயர்தான்.

பெயரின் பொருளா? சாத்து என்றால் வணிகக் கூட்டம். கோவலனின் அப்பா பெயர் மாசாத்துவான், நினைவிருக்கிறதா? ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர். அதை வடமொழிச் சாஸ்தாவோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு.

‘அப்போ வடசொல் மூலம்தானே?’ இருக்கட்டுமே. உங்கள் வீட்டு ராகேஷ் எந்தச் சங்கப்பாட்டில் வருகிறார்?

‘பள்ளியில் கேலி செய்வார்களே?’ மூன்று நாளாகக் கேலி செய்தது எந்தப் பள்ளிப்பிள்ளை ஐயா?

உண்மையான சிக்கல் எழுத்தில் இருக்கிறது. சான்றிதழில் தட்டச்சு செய்பவர் ஒரு துணைக்கால் கூடப் போட்டால் சாத்தன் சாத்தானாகிவிடுவான். வாங்கும்போதே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடாமல் இருக்க முதலில் இரண்டு ‘ஏ’, கடைசியில் ஒரே ‘ஏ’. கடவுச்சீட்டு வரை அதே எழுத்துக்கோவை. அதுவும் பயமென்றால் பெருஞ்சாத்தன் என்றே வையுங்கள். கூப்பிட ‘சாத்தா’ போதும், அதுதான் விளி.

பெருஞ்சாத்தன் யாரென்று கேட்பீர்கள். ஒல்லையூர் கிழான் மகன், புறநானூறு 242. அவன் செத்தபின் குடவாயில் கீரத்தனார் பூத்த கொடியைப் பார்த்துக் கேட்கிறார்: ‘வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்றை முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே?’ அவன் இல்லாத ஊரில் பூ பூத்ததையே பொறுக்க முடியாமல் அழுத பாட்டு அது. அந்தப் பெயரைத்தான் பேய்ப்பெயர் என்கிறீர்கள்.

நேற்றிரவு அந்த அம்மா குழந்தையின் படத்தையே நீக்கிவிட்டார். கவனித்தீர்களா?