மியூர் வுட்ஸில் கெடுபிடி அதிகமா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியா தமிழர்கள் கூட்டிப் போகும் இடங்களில் கோல்டன் கேட் பாலத்துக்கு அடுத்தது மியூர் வுட்ஸ் என்ற ரெட்வுட் மரக்காடு. போய் வந்தவர்கள் சொல்லும் குறைகளும் பெரும்பாலும் ஒன்றேதான். கார் நிறுத்த முன்பதிவு வேண்டும், நுழைவுக் கட்டணம் தனி, பாதையை விட்டு இறங்கக் கூடாது, போனில் சிக்னல் கிடையாது. மரம் பார்க்க இவ்வளவு கெடுபிடியா?

என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் கூட்டினாலும் தப்பில்லை.

250 அடிக்கு மேல் வளர்ந்த ரெட்வுட் மரத்தை அண்ணாந்து பார்க்கும்போது, வேர் பாதாளம்வரை போயிருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அதற்கு ஆணிவேரே இல்லை. பத்துப் பதிமூன்று அடி ஆழத்தோடு நின்று, பக்கவாட்டில் நூறு அடிவரை ஓடி, அண்டை மரங்களின் வேரோடு பின்னிக்கொள்கிறது. ஒரு அடி தடிமன்வரை வளரும் பட்டை தீயைத் தாங்கும்; பூச்சியும் எளிதில் அண்டாது. ஆனால் காலடி மண்? ஆயிரக்கணக்கானவர்கள் மிதித்தால் இறுகிப்போகும். கோடையில் அங்கே மழை கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுவதுதான் பெரிய ஆதாரம். அந்தத் தண்ணீர் இறங்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டாமா? அதற்குத்தான் பலகைப் பாதை.

மிதித்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஹைபீரியன் என்ற ரெட்வுட் இருக்கிறது. சுமார் 380 அடி, உலகிலேயே உயரமான மரம். 2006இல் கண்டுபிடித்தபோது இடத்தை வெளியே சொல்லவில்லை. இணையத்தில் கசிந்ததும் பாதையே இல்லாத காட்டுக்குள் ஆட்கள் புகுந்து, அடியில் இருந்த பெரணிச் செடிகளை எல்லாம் மிதித்து அழித்தார்கள். குப்பை வேறு. 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறினால் 5,000 டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. இத்தனைக்கும் அடியில் நின்றால் உச்சி தெரியாது. எடுக்கிற செல்ஃபியில் அது இன்னொரு மரம், அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வண்டி போவதற்காக 1881இல் ரெட்வுட்டுக்கு உறவான ஒரு செக்கோயா மரத்தின் அடியைக் குடைந்தார்கள். எண்பது வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் அதற்குள் புகுந்து படம் எடுத்துக்கொண்டார்கள். 1969இல் பனிப் பாரம் தாங்காமல் சாய்ந்தது. இதையும் மரத்தின் மேல் உள்ள ஆசை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மியூர் வுட்ஸ் பிழைத்த கதையே ஒரு தடையில்தான் தொடங்குகிறது. பள்ளத்தாக்குக்குள் போவது கஷ்டம் என்பதால் மரம் வெட்டுகிறவர்கள் விட்டுவைத்த இடம் அது. 1905இல் வில்லியம் கென்ட்டும் அவர் மனைவி எலிசபெத்தும் 45,000 டாலருக்கு வாங்கினார்கள். அணை கட்டுவதற்காக ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டு நிலத்தைப் பறிக்கப் பார்த்தது. கென்ட் உடனே 295 ஏக்கரை மத்திய அரசுக்கே தானமாக எழுதிவிட்டார். 1908 ஜனவரியில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். தன் பெயரை வைக்க வேண்டாம், இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் பெயரை வையுங்கள் என்றவரும் கென்ட்தான். இதே மனிதர் பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக ஆசியர்கள் குடியேறுவதை எதிர்த்தவர். இன்றைக்கு வார இறுதியில் அங்கே வரும் கூட்டத்தைப் பார்த்தால் என்ன சொல்வாரோ!

கட்டணம் விஷயத்தில் மட்டும் எனக்கும் மனக்குறை உண்டு. பெரிய குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் 2018இல் வந்த முன்பதிவைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் சாலையோரம் எல்லாம் கார் நிற்கும். அந்தச் சாலையோர மண் சரிந்து போய்ச் சேர்வது கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட வரும் ஓடையில்.

சரி, கூட்டிப் போகிறவர்களுக்கு: முக்கியப் பாதை சமதளம், சக்கர நாற்காலியும் போகும். வார நாள் காலை நல்லது. டிக்கெட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் நின்று தேடினால் வராது.